ஜூனிப்பர் போன்சாய்: நுனியை மொட்டையடிக்காதீர்கள்

ஜூனிப்பர் ஓர் ஊசியிலை மர இனம்; அதைத் தொட்டியில் குட்டை மரமாக வளர்ப்பதுதான் ஜூனிப்பர் போன்சாய். அதை வேலிச்செடி வெட்டுவதுபோல் மேலாகக் கத்தரித்தால் வெட்டுப்பட்ட நுனிகளெல்லாம் பழுப்பாகிவிடும். ஷிம்பாக்கு என்ற ஜூனிப்பர் வகையில் இன்னொரு தொல்லையும் உண்டு. அளவுமீறி வெட்டினால் மென்மையான செதில் இலைக்குப் பதில் குத்துகிற ஊசி இலைகள் கிளம்பும். பழையபடி மாற ஓரிரு ஆண்டுகூட ஆகலாம்.

முதலில் கிளையின் அடிப்பக்கம் பாருங்கள். கீழே தொங்கும் தளிர், கவட்டில் அடைந்த தளிர், காய்ந்த இலை, இவற்றை எடுத்தாலே உள்ளே வெளிச்சம் இறங்கும். கிளை நெடுக உட்புறம் இருக்கும் நல்ல தளிரைத் தொடாதீர்கள். பின்னாளில் கிளையைக் குட்டையாக்க அதுதான் கை கொடுக்கும். வரம்பு தாண்டி நீண்ட தளிரை மட்டும், அது பிரியும் கவட்டுவரை போய்க் கூரான கத்தரியால் வெட்டுங்கள். மிஞ்சும் கிளையில் பச்சை இருந்தே ஆகவேண்டும். இலையற்ற பழைய கட்டையிலிருந்து ஜூனிப்பர் பெரும்பாலும் துளிர்க்காது, கிளையே காய்ந்துவிடும். ஒரே தடவையில் பச்சையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்ட வேண்டாம்.

கிளையை வளைக்க, அதன் தடிமனில் மூன்றில் ஒரு பங்குள்ள அலுமினியக் கம்பியை 45 பாகைச் சாய்வில் சுற்றுங்கள். பட்டையில் பதியத் தொடங்கியதும், சுழற்றி அவிழ்க்காமல் துண்டு துண்டாக நறுக்கி எடுங்கள்.

பலமாக வெட்டிய பருவத்திலேயே தொட்டி மாற்றாதீர்கள். வேர் செத்தாலும் ஜூனிப்பர் வாரக்கணக்கில் பச்சையாகவே நிற்கும். தெரியவரும்போது காப்பாற்ற முடியாது.