காலிறுதி டிக்கெட்டை இப்போதே போடாதீர்கள்: உலக ஐஸ் ஹாக்கி பார்க்கப் போகிறவர்களுக்கு

2025 மே 20, செவ்வாய் இரவு. உலக ஐஸ் ஹாக்கி சாம்பியன்ஷிப்பில், ஸ்டாக்ஹோமில் கனடா ஸ்வீடனை வென்று குழுவில் முதலிடம் பிடித்த கொஞ்ச நேரத்தில் அலுவலகத்துத் தம்பி ஒருவன் போன் செய்தான். ஊரிலிருந்து வந்து ஒன்றரை வருடம்தான் ஆகிறது, அதற்குள் ஹாக்கிப் பைத்தியம் பிடித்துவிட்டது.

"அண்ணா, கனடா ஃபர்ஸ்ட்! வியாழக்கிழமை அவங்க ஸ்டார் க்ராஸ்பிய நேர்ல பார்க்கப் போறேன்."

"எங்கேடா?"

"இங்கதான், ஸ்டாக்ஹோம்ல. காலிறுதி டிக்கெட் அப்பவே போட்டு வச்சுட்டேன்ல."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. கனடா அந்த வியாழக்கிழமை டென்மார்க்கின் ஹெர்னிங்கில் ஆடப் போகிறது என்பதை அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அதற்கு இரண்டு வருடம் முன்னால் எனக்கும் யாரும் சொல்லவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். ஆஃப்சைடு என்றால் என்ன, ஐசிங் என்றால் என்ன என்பதெல்லாம் இங்கே கிடையாது. அவை இரண்டு ஆட்டம் பார்த்தால் தானாக வந்துவிடும். காசு போகிற தவறுகளும், நல்ல ஆட்டத்தைக் கோட்டைவிடுகிற தவறுகளும்தான் இதில் இருக்கின்றன.

கிரிக்கெட் கண்ணோடு புள்ளிப் பட்டியலைப் பார்ப்பது

ரன் ரேட் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். இரண்டு அணிகள் ஒரே புள்ளியில் நின்றால் கண் நேராகக் கோல் வித்தியாசத்துக்குப் போகும். இங்கே அது முதல் அளவுகோல் இல்லை. சமமாக நிற்கும் அணிகள் தங்களுக்குள் ஆடிய ஆட்டத்தில் யார் வென்றார்கள் என்பதைத்தான் முதலில் பார்ப்பார்கள். மூன்று அணிகள் சமமென்றால் அந்த மூன்றுக்கு மட்டும் தனியாக ஒரு சின்னப் பட்டியல் போடுவார்கள்.

2021இல் லாட்வியாவின் ரீகாவில் கனடா முதல் மூன்று ஆட்டங்களிலும் தோற்றது. லாட்வியா, அமெரிக்கா, ஜெர்மனி என்று வரிசையாக மூன்று பேரிடமும் அடி. குழு ஆட்டங்கள் முடிந்தபோது கனடாவும் கஜகஸ்தானும் தலா 10 புள்ளி. இத்தாலிக்கு 11 கோல் போட்டிருந்த கஜகஸ்தானுக்குக் கோல் வித்தியாசம் கனடாவைவிட மேல். ஆனால் நேருக்கு நேர் ஆட்டத்தில் கனடா 4–2 என்று வென்றிருந்தது. அதனால் கனடா உள்ளே, கஜகஸ்தான் வீட்டுக்கு. அதே கனடாதான் கடைசியில் ஃபின்லாந்தை ஓவர்டைமில் வென்று தங்கமும் வாங்கியது.

இன்னொன்று. எல்லா வெற்றிக்கும் ஒரே அளவு புள்ளி கிடையாது. 60 நிமிடத்துக்குள் வென்றால் 3. ஓவர்டைமிலோ ஷூட்அவுட்டிலோ வென்றால் 2, அப்படித் தோற்றவருக்கும் 1. கடைசி நாளில் இரண்டு அணிகள் சமநிலையில் ஊர்ந்துகொண்டிருப்பதைப் பார்த்து "ஏன் இப்படி மந்தமாக ஆடுகிறார்கள்" என்று சலித்துக்கொள்ளாதீர்கள். அந்த ஒரு புள்ளி யாருக்கு உயிர் என்று பட்டியலைப் பாருங்கள்.

குழுவில் எந்த இடமோ அந்த இடத்தை வைத்து ஊரைக் கணக்குப் போடுவது

இதுதான் என் பணத்தைத் தின்ற தவறு. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

16 அணிகள், எட்டு எட்டாக இரண்டு குழு, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு நகரம். குழுவில் முதல் நான்கு பேர் காலிறுதிக்குப் போவார்கள். ஒரு குழுவின் முதலாவது அணி மற்றக் குழுவின் நான்காவது அணியோடு ஆடும், இரண்டாவது அணி மூன்றாவதோடு ஆடும். ஆக நான்கு காலிறுதிகள், நகரத்துக்கு இரண்டு. இதுவரை எல்லாருக்கும் புரியும். அடுத்து எல்லாரும் என்ன நினைக்கிறோம்? "மேலே முடித்த அணி தன் நகரத்திலேயே இருக்கும், கீழே முடித்த அணிதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரும்." நானும் அப்படித்தான் நினைத்தேன்.

2023இல் போட்டி ஃபின்லாந்தின் தம்பெரேயிலும் லாட்வியாவின் ரீகாவிலும் நடந்தது. ஸ்வீடன் தம்பெரே குழுவில். நான் ஸ்டாக்ஹோமிலிருந்து இரவுக் கப்பலில் துர்க்கு போய், அங்கிருந்து ரயிலில் தம்பெரே சேர்ந்தேன். ஸ்வீடன் எப்படியும் முதல் இரண்டு இடத்துக்குள் வரும், வந்தால் தம்பெரேயில்தான் ஆடும் என்று கணக்குப் போட்டு, மே 25 காலிறுதிக்கு ஒரு டிக்கெட், கூடவே மூன்று இரவுக்கு ஹோட்டல். ஹோட்டலில் இருபது யூரோ மிச்சம் பிடிக்க, ரத்து செய்ய முடியாத அறையாகப் பார்த்துப் போட்டேன். அந்த இருபது யூரோ இன்றைக்கும் உறுத்துகிறது.

என் கணக்கின் முதல் பாதி பலித்தது. மே 23 கடைசிக் குழு ஆட்டத்தில் ஸ்வீடன் அமெரிக்காவிடம் தோற்றாலும் இரண்டாமிடம் உறுதி. நிம்மதியாகத் தூங்கினேன். மறுநாள் காலை சாப்பாட்டுக்கு இறங்கினால், வரவேற்பு மேசை முன்னால் மஞ்சள் ஜெர்சியில் ஏழெட்டு ஸ்வீடன்காரர்கள் பெட்டியோடு நிற்கிறார்கள். ஒரு பெரியவர் என் ஜெர்சியைப் பார்த்து, "நீ ரீகா வரவில்லையா?" என்றார். நான் சிரித்துக்கொண்டே போனில் இருந்த டிக்கெட்டைக் காட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டுப் பார்த்தார். பிறகு தன் போனைத் திருப்பிக் காட்டினார். ஸ்வீடன்–லாட்வியா, அரீனா ரீகா. எதுவும் சொல்லாமல் என் தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டு வரிசையில் நகர்ந்துவிட்டார். அந்தத் தட்டுதான் கோபத்தை வரவழைத்தது.

நடந்தது இவ்வளவுதான். போட்டி நடத்தும் நாடு காலிறுதிக்கு வந்துவிட்டால் தன் ஊரைவிட்டு அசையாது. எத்தனையாவது இடம் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். அந்த வருடம் நடத்தியது இரண்டு நாடுகள். இரண்டும் தத்தம் குழுவில் மூன்றாமிடம். லாட்வியா ரீகாவில் இருந்தே ஆக வேண்டும், எனவே அதோடு ஆட வேண்டிய ஸ்வீடன் அங்கே போக வேண்டும். ஃபின்லாந்து தம்பெரேயில் இருந்தே ஆக வேண்டும், எனவே ரீகா குழுவில் இரண்டாவதாக வந்த கனடா இங்கே வர வேண்டும். விதி எங்கேயும் ஒளிந்திருக்கவில்லை. அட்டவணைக்குக் கீழே சின்ன எழுத்தில் இருந்தது. நான்தான் படிக்கவில்லை.

போயிருக்கலாமே என்பீர்கள். தம்பெரேயிலிருந்து ஹெல்சின்கிக்கு ரயில், ஹெல்சின்கியிலிருந்து தாலினுக்கு இரண்டு மணி நேரக் கப்பல், அங்கிருந்து ரீகாவுக்கு நாலரை மணி நேரம் பஸ். போய்ச் சேரலாம்தான். ஆனால் சொந்த அணி ஆடுகிறது என்று ரீகாவே தெருவில் நிற்கும்போது டிக்கெட்டுக்கு எங்கே போவது? என் கையில் இருந்தது அமெரிக்கா–செக்கியா ஆட்டம். மஞ்சள் ஜெர்சியோடு உட்கார்ந்து, அமெரிக்கா 3–0 என்று ஜெயித்ததைப் பார்த்தேன். ஸ்வீடன் அங்கே 1–3 என்று தோற்று வெளியேறியது. லாட்வியா வெண்கலம் வரைக்கும் போனது. அவர்கள் நாடாளுமன்றம் நள்ளிரவில் கூடி மறுநாளைப் பொது விடுமுறையாக அறிவித்தது. எனக்கும் சந்தோஷம்தான், ஆனால் ஹோட்டல்காரர் எனக்கு விடுமுறை ஒன்றும் கொடுக்கவில்லை.

ஏதோ ஒரு வருடத்து விபத்து என்று நினைத்துவிடாதீர்கள். 2024இல் செக்கியாவின் ப்ராக், ஓஸ்ட்ராவா நகரங்கள். செக்கியா ப்ராக் குழுவில் மூன்றாவது. ஆகவே ஓஸ்ட்ராவாவில் இரண்டாவதாக வந்த அமெரிக்கா ப்ராகுக்கு வர, ப்ராகில் இரண்டாவதாக வந்த சுவிட்சர்லாந்து ஓஸ்ட்ராவாவுக்குப் போனது. 2025இல் நடத்தியது ஸ்வீடனும் டென்மார்க்கும். ஹெர்னிங் குழுவில் டென்மார்க் நான்காவதாக வந்தது. நான்காவதோடு ஆட வேண்டியது எதிர்க்குழுவின் முதல் அணி, அதாவது கனடா. க்ராஸ்பி, மக்கின்னன் எல்லாரும் மூட்டை கட்டிக்கொண்டு ஹெர்னிங் போனார்கள். போய், முன்னணியில் இருந்துவிட்டு, கடைசி மூன்று நிமிடத்துக்குள் இரண்டு கோல் வாங்கி 2–1 என்று தோற்றார்கள். தம்பி இங்கே ஸ்டாக்ஹோமில் கனடா ஜெர்சியோடு அமெரிக்கா–ஃபின்லாந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆக, செய்ய வேண்டியது என்ன? உங்கள் அணி போட்டி நடத்தும் நாடு என்றால் எப்போது வேண்டுமானாலும் டிக்கெட் போடுங்கள். உள்ளே வந்தால் எங்கே ஆடும் என்பது தெரிந்த விஷயம். எந்த அணி ஆடினாலும் சரி, காலிறுதி பார்த்தால் போதும் என்பவரும் போடலாம். மற்ற எல்லாரும் குழு ஆட்டங்களுக்கு மட்டும் போடுங்கள். அங்கே எந்த அணி, எந்த ஊர், எந்த நாள் என்பது மாதக்கணக்கில் முன்னாலேயே தெரியும். தம்பி இதைச் செய்திருந்தால் க்ராஸ்பியை வீட்டுக்குப் பக்கத்திலேயே ஏழு முறை பார்த்திருக்கலாம். காலிறுதிக்குக் கடைசிக் குழு நாள் இரவு வரை பொறுத்திருங்கள். தோற்ற அணிகளின் ரசிகர்கள் அன்றைக்கு டிக்கெட்டை விற்கத் தொடங்குவார்கள், நடுவில் ஒரு ஓய்வு நாளும் இருக்கும். ஹோட்டலை ரத்து செய்யக்கூடியதாகப் போடுங்கள். இரண்டு நகரமும் சுவிட்சர்லாந்தின் சூரிக், ஃப்ரீபூர் மாதிரி ரயிலில் ஒன்றரை மணி நேர தூரத்தில் இருந்தால் தலைவலி குறைவு. நடுவில் கடல் இருந்தால் ஒன்றுக்கு இரண்டு முறை யோசியுங்கள்.

அரையிறுதிக்குக் கோடு போட்டு வைப்பது

டென்னிஸ் மாதிரி முன்கூட்டியே வரைந்த ஏணி இங்கே இல்லை. காலிறுதி முடிந்ததும் மிஞ்சிய நான்கு பேரையும் குழுவில் வாங்கிய இடம், புள்ளி இவற்றை வைத்து மறுபடி வரிசைப்படுத்துவார்கள். முதலாவதும் நான்காவதும் ஒரு ஆட்டம், நடு இரண்டும் ஒரு ஆட்டம். ஊர் விஷயத்தில் மட்டும் நிம்மதி, அரையிறுதியிலிருந்து எல்லாம் ஒரே அரங்கம்.

மே முதல் வாரத்து வீரர் பட்டியலை நம்புவது

இந்தப் போட்டி நடக்கும்போது வட அமெரிக்காவில் என்.எச்.எல். லீகின் ஸ்டான்லி கோப்பை நாக்அவுட் சுற்று ஓடிக்கொண்டிருக்கும். அந்த லீக் வீரர்களில், அதற்குத் தகுதி பெறாத அணிக்காரர்களும் அதில் தோற்று வெளியே வந்தவர்களும்தான் இங்கே வர முடியும், நடுவிலும் வருவார்கள். 2024இல் பாஸ்டன் அணி வெளியேறியதும் டேவிட் பஸ்டர்னாக் ப்ராகுக்குப் பறந்து வந்து செக்கியாவுக்காக இறங்கினார். இறுதி ஆட்டத்தில் சுவிட்சர்லாந்துக்கு எதிராக வெற்றி கோல் அவருடையதுதான். அலுவலகப் பந்தயத்தில் முதல் நாளே செக்கியாவை அடித்துவிட்டு எழுதியவர்களில் நானும் ஒருவன்.

கண்ணாடியை ஒட்டி முதல் வரிசை

புகைப்படத்துக்கு நல்லது, ஆட்டம் பார்க்க ஆகாது. கண்ணாடி முழுக்கப் பக் (பந்துக்குப் பதிலாக அடிக்கும் ரப்பர் வட்டு) பட்ட கறுப்புத் தடம். உங்கள் பக்கத்துப் பலகையோடு பக் உரசிப் போகும்போது நடுவில் ஒருவர் முதுகுதான் தெரியும். மாற்று வீரர்கள் உட்காரும் பெஞ்சுக்கு மேலாகப் பார்த்தால் எதிர்மூலை அடியோடு மறையும். மேல் அடுக்கில், நடுக்கோட்டுக்கு நேராகப் பாதி விலையில் கிடைக்கும். அங்கிருந்து பார்த்தால்தான் ஐந்து பேரும் சேர்ந்து எப்படி நகர்கிறார்கள் என்பது புரியும்.

பெரிய அணிகளை மட்டும் பார்ப்பது

ஒவ்வொரு குழுவிலும் கடைசி இடம் பிடிப்பவர் அடுத்த வருடம் கீழ்ப் பிரிவுக்கு இறங்க வேண்டும். 2024இல் போலந்து 22 வருடம் கழித்து மேலே வந்து, அதே மாதம் திரும்ப இறங்கியது. அந்த மாதிரி இரண்டு அணிகள் மோதும் மத்தியான ஆட்டத்துக்கு டிக்கெட் மலிவு, கூட்டமும் குறைவு. ஆனால் பெஞ்சில் ஒருவர்கூட உட்கார மாட்டார்கள்.

6–1 என்றதும் கிளம்புவது

2024, ப்ராக். கனடா 6, ஆஸ்திரியா 1. மூன்றாவது, அதாவது கடைசிப் பகுதியில் ஆஸ்திரியா ஐந்து கோல் போட்டு 6–6. ஓவர்டைமில்தான் கனடா தப்பித்தது. அதற்குள் பீர் வாங்கிக்கொண்டு டிராம் ஏறியவர்களை எனக்குத் தெரியும்.

மணி அடித்ததும் எழுந்து ஓடுவது

ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் இரண்டு அணியும் நீலக்கோட்டில் வரிசையாக நிற்க, வென்ற நாட்டின் கீதம் ஒலிக்கும். தோற்றவர்களும் அசையாமல் நின்று கேட்பார்கள். இரண்டு நிமிடம்தான்.

ஓவர்டைம் எல்லாம் ஒன்றுதான் என்று நினைப்பது

குழுவில் ஐந்து நிமிடம், காலிறுதி முதல் பத்து. இறுதி ஆட்டத்தில் ஷூட்அவுட்டே கிடையாது, கோல் விழும் வரை ஆட்டம். கடைசி ரயிலை நம்பிப் போகாதீர்கள்.

மே மாதம்தானே என்று சட்டையோடு போவது

உள்ளே மார்கழி. தம்பிக்குக் கொடுத்த என் ஸ்வெட்டர் இன்னும் திரும்பி வரவில்லை.