ரத்தம் எடுக்கும்போது ஊசி எப்போது குத்துகிறது?

கடலூரிலும் புதுச்சேரியிலும் காலை ஏழு மணிக்கு எந்த லேப் வாசலிலும் வெறும் வயிற்றோடு ஒரு வரிசை நிற்கும். அந்த அவசரத்தில் ரத்தம் எடுப்பவர் கையில் ஊசி குத்துவது பெரும்பாலும் நரம்பு தேடும்போது இல்லை. ரத்தம் வந்து முடிந்து, "அப்பாடா" என்று கை தளரும்போதுதான்.

மிகப் பழைய தவறு, பயன்படுத்திய ஊசிக்கு மூடியைத் திரும்பப் போடுவது. இடக்கை மூடியைப் பிடிக்கும், வலக்கை ஊசியைக் கொண்டுபோகும்; ஒரு நூலிழை தவறினால் இடது ஆள்காட்டி விரல். மூடவே வேண்டாம். பயன்படுத்திய ஊசியைப் போடும் பெட்டி கைக்கு எட்டாத இடத்தில் மாட்டிக்கொண்டால், மூடியைத் தட்டில் கிடத்தி ஒரே கையால் ஊசியை அதற்குள் நுழைத்து நிமிர்த்துங்கள்.

அதைவிட மோசமானது, சிரிஞ்சிலிருந்து ட்யூபுக்கு மாற்றுவது. ட்யூபைக் கையில் பிடித்துக்கொண்டு ரப்பர் மூடியில் குத்துகிறார்கள். ரப்பர் முதலில் எதிர்க்கும், பிறகு சட்டென்று விட்டுக்கொடுக்கும். அழுத்திய கை வழுக்கும். பிஸ்டனைத் தள்ளினால் ரத்த அணுக்களும் உடையும், பொட்டாசியம் பொய்யாக ஏறிக் காட்டும். நீல மூடி சிட்ரேட் ட்யூபில் ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு உறையாமல் தடுக்கும் மருந்து என்ற அளவும் கெடும். சிரிஞ்சு தவிர வழியில்லை என்றால் ட்யூபை ஸ்டாண்டில் நிறுத்துங்கள், ஒரு கையால் மட்டும் குத்துங்கள், ட்யூபுக்குள் இருக்கும் வெற்றிடமே ரத்தத்தை இழுத்துக்கொள்ளட்டும்.

ரத்தத்தை நேராக ட்யூபுக்குள் இறக்கும், பாதுகாப்பு மூடி உள்ள வேக்யூம் ஊசியும் அதைப் பிடிக்கும் ஹோல்டரும் இருந்தால் இந்த வேலையே இல்லை. வரிசை மட்டும் மாறக்கூடாது: ரத்தம் ஓடத் தொடங்கியதும் கையில் இறுக்கிய பட்டையை (டூர்னிக்கெட்) தளர்த்துங்கள், ஒரு நிமிடத்துக்கு மேல் கட்டியிருக்க வேண்டாம். கடைசி ட்யூபை ஹோல்டரிலிருந்து எடுத்த பிறகே ஊசியை உருவ வேண்டும். உருவிய கணமே, அதே கையின் கட்டைவிரலால் மூடியைத் தள்ளுங்கள். "டக்" என்று கேட்க வேண்டும். ஊசியும் ஹோல்டரும் சேர்ந்தே பெட்டிக்குள் போகட்டும். ஹோல்டரை மிச்சம் பிடிக்க ஊசியைத் திருகிக் கழற்றுவார்கள். பின்முனையும் கூர்தான், அதை மூடியிருப்பது மெல்லிய ரப்பர் உறை மட்டுமே. சில ரூபாய்க்கு இது வேண்டாத வேலை. இறக்கையும் மெல்லிய குழாயும் வைத்த பட்டர்ஃபிளை ஊசியில் குழாய் சுருண்டு துள்ளும். பெட்டிக்குள் விழும்வரை இறக்கையை விடாதீர்கள்.

2016 உயிர்மருத்துவக் கழிவு விதிகளின்படி ஊசிக்கு வெள்ளை நிற, குத்தினாலும் துளைபடாத பெட்டி. முக்கால் பங்கு நிறைந்ததும் மூடிவிடுங்கள், உள்ளே கைவிட்டு அழுத்தாதீர்கள். வீடு வீடாகப் போய் ரத்தம் எடுப்பவர்கள் சின்னப் பெட்டி ஒன்றைப் பையில் வைத்திருக்க வேண்டும்; நோயாளி வீட்டுக் குப்பைக்கூடையில் போடும் ஊசி, மறுநாள் குப்பை அள்ளுபவரின் கையைத்தான் பதம் பார்க்கும்.

நம் கடலோரப் புழுக்கத்தில் கையுறை ஒட்டிக்கொள்ளும். நரம்பு தெரியவில்லை என்று விரல்நுனியைக் கத்தரிப்பவர்கள் உண்டு. கையுறை ஊசியைத் தடுக்காது. ஆனால் மேலே ஒட்டிய ரத்தத்தில் ஒரு பகுதியைத் துடைத்துவிடும். கத்தரித்தால் அதுவும் போச்சு. சரியான அளவு கையுறை போட்டால் போதும்.

குத்திவிட்டால் விரலைப் பிதுக்காதீர்கள், வாயில் வைக்காதீர்கள், பிளீச்சிங் வேண்டாம். சோப்பும் ஓடும் தண்ணீரும் போதும். உடனே மேலதிகாரியிடம் சொல்லுங்கள். ஷிப்ட் முடியட்டும் என்று காத்திருப்பதுதான் ஆபத்து. எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை 2 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரம் தாண்டக்கூடாது, 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். எச்.ஐ.வி. உள்ள ரத்தம் பட்ட ஊசி குத்தினால் தொற்று வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம். தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைட்டிஸ் பி என்றால் 6 முதல் 30 சதவீதம் வரை. அந்தத் தடுப்பூசியை 0, 1, 6 மாதங்களில் மூன்று தவணை போட்டு, ஓரிரு மாதம் கழித்து ரத்தப் பரிசோதனையில் எதிர்ப்புச் சக்தி மில்லிலிட்டருக்கு 10 மில்லி யூனிட்டைத் தொட்டதா என்று பாருங்கள். பெட்டியைத் தூக்கிப்போகும் துப்புரவுப் பணியாளரின் பெயரும் அந்தத் தடுப்பூசிப் பட்டியலில் இருக்க வேண்டும்.