திரை அலறினால் கை போனுக்குப் போகக் கூடாது

போன குறுவை அறுப்பு சமயம். நீடாமங்கலம் பக்கத்தில் இருக்கும் சித்தப்பா, பட்டா நகல் எடுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். தேடியதில் முதலாவதாக வந்ததைச் சொடுக்கினார். அது அரசுத் தளமே இல்லை, விளம்பரம். முகவரி டாட் கவ் டாட் இன் என்று முடிகிறதா என்று அவர் பார்க்கவில்லை. இரண்டு சொடுக்கில் திரை முழுக்க நீலம், நடுவில் சிவப்புப் பெட்டி, ஸ்பீக்கரில் விடாமல் பீப் சத்தம். கம்ப்யூட்டர் பூட்டப்பட்டுவிட்டது, அணைக்காதீர்கள், உடனே இந்த எண்ணைக் கூப்பிடுங்கள் என்று ஆங்கிலத்தில் ஒரு பெண் குரல். சித்தி அடுப்படியிலிருந்து ஓடிவந்து, "பிளக்கைப் புடுங்குங்க" என்றாராம். அன்று அந்த வீட்டில் சரியாகப் பேசியது சித்தி மட்டும்தான்.

இதற்கு ஸ்கேர்வேர் என்று பெயர். நம் பேச்சில் சொன்னால் பூச்சாண்டி. திடீரென்று பிரவுசரில் வருவது பெரும்பாலும் வைரஸ்கூட இல்லை, வெறும் வலைப்பக்கம். மூடும் குறியை மறைத்துக்கொண்டு திரை முழுக்க விரிந்து கத்தும், அவ்வளவுதான். பயந்துபோய் நாம் செய்கிற காரியத்தில்தான் வினை ஆரம்பிக்கிறது.

முதல் தவறு, அந்த எண்ணைக் கூப்பிடுவது. தங்கள் எச்சரிக்கைச் செய்திகளில் போன் நம்பர் போடுவதே இல்லை என்று மைக்ரோசாஃப்ட்டே சொல்கிறது. ஆக, நம்பர் இருந்தாலே அது டுபாக்கூர். சித்தப்பா கூப்பிட்டார். எதிர்முனையில் ரொம்ப மரியாதை, வரிக்கு வரி "சார்". தூரத்திலிருந்தே நம் கம்ப்யூட்டரை இயக்க வைக்கும் எனிடெஸ்க் என்ற மென்பொருளை இறக்கச் சொன்னான், அதில் வந்த எண்ணைக் கேட்டான், இவரும் சொன்னார். அப்புறம் மவுஸ் தானாக நகர ஆரம்பித்தது. கம்ப்யூட்டரில் நடப்பதையெல்லாம் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவர் என்ற பக்கத்தைத் திறந்து, வரிசையாகச் சிவப்பும் மஞ்சளுமாக இருந்த குறிகளைக் காட்டி, "இத்தனையும் வைரஸ் சார்" என்றிருக்கிறான். அந்தக் குறிகள் எல்லா விண்டோஸ் கம்ப்யூட்டரிலும் இருக்கும். ஏதோ ஒரு சேவை தாமதமாகத் தொடங்கினாலே அங்கே ஒரு வரி விழும். உங்களுடையதிலும் திறந்து பாருங்கள். எனிடெஸ்க்கைக் குறை சொல்வதற்கும் ஒன்றுமில்லை, சித்தப்பாவின் பிரிண்டரை நானே அதன் வழியாகத்தான் சரிசெய்து கொடுப்பேன். கடைசியில் 'சுத்தம் செய்யும் கட்டணம்' 4,999 ரூபாய் யுபிஐயில் போனது.

சரி, திரையை எப்படி மூடுவது? எஸ்கேப் பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடித்தால் முழுத்திரை விலகும், பிறகு வழக்கம்போல் மூடலாம். அசையாவிட்டால் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை முடித்துவிடுங்கள். அதுவும் ஆகாவிட்டால் பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைக்கலாம். மறுபடி திறக்கும்போது "பழைய பக்கங்களை மீட்கவா" என்று பிரவுசர் கேட்கும். பழக்கதோஷத்தில் சரி கொடுத்தால் பூச்சாண்டி திரும்ப வந்துவிடும்.

சில வீடுகளில் திரையின் வலது மூலையில் நாள் முழுக்க வைரஸ் எச்சரிக்கை முளைத்துக்கொண்டே இருக்கும். எப்போதோ ஒரு தளம் கேட்டபோது 'அலோ' அழுத்தியதன் பலன் அது. பிரவுசர் செட்டிங்ஸில் நோட்டிபிகேஷன் பகுதிக்குப் போய் அந்தத் தளத்தை நீக்கினால் போதும். இதற்காகக் கிளீனர் எதையும் இறக்க வேண்டாம்.

யாரையாவது உள்ளே விட்டுவிட்டால் முதலில் இணையத்தைத் துண்டியுங்கள். அவன் போடச் சொன்னதை நீக்கி, விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பான டிஃபெண்டரில் முழு ஸ்கேன் ஓட்டுங்கள். பாஸ்வேர்டுகளை அந்தக் கம்ப்யூட்டரில் மாற்றாதீர்கள், போனில் மாற்றுங்கள்.

சித்தப்பா செய்த பெரிய தவறு இதற்கெல்லாம் பிறகுதான். வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லவில்லை. மறுநாளே கம்ப்யூட்டரைக் கடையில் கொடுத்து ஃபார்மட் அடித்துவிட்டார். எந்தப் பக்கம், எந்த மென்பொருள் என்ற தடயத்தோடு பேத்தியின் காதுகுத்துப் படங்களும் போயின. படங்களைத் தேடித்தான் நாலாம் நாள் எனக்கு போன் செய்தார். பணம் போன உடனே சைபர் மோசடிக்கான அரசு உதவி எண் 1930-க்குப் பேசியிருக்க வேண்டும். புகார் அங்கிருந்து வங்கிகளுக்குப் போகும், பணம் இன்னும் கைமாறாமல் இருந்தால் முடக்க வழியுண்டு. பணப் பரிமாற்ற எண், தொகை, நேரம் மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். பிறகு சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்திலும் பதியலாம். திரையை இன்னொரு போனில் படம் எடுத்து வைத்திருந்தால் அதையும் சேர்த்துவிடலாம்.

வங்கியிடம் சொல்வதையும் திங்கட்கிழமைக்குத் தள்ளாதீர்கள். ரிசர்வ் வங்கியின் 2017 விதிப்படி, நம் கவனக்குறைவால் பாஸ்வேர்டு போய், நமக்குத் தெரியாமல் பணம் எடுக்கப்பட்டால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை நஷ்டம் நம்முடையது. தெரிவித்த பிறகு போவது வங்கியின் பொறுப்பு.

பணம் போகவில்லை, போனில் வலை விரித்தார்கள் என்றாலும் சொல்ல இடமிருக்கிறது. மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் 2024 முதல் சக்ஷு என்ற பகுதி அதற்காகவே இருக்கிறது.

நாலு நாள் கழித்துக் கொடுத்த புகாரில் 4,999 திரும்பவில்லை. பத்து நாளில் இன்னொரு அழைப்பு மட்டும் வந்தது: "உங்க பணத்தை மீட்டுத் தர்றோம் சார், ஃபைல் சார்ஜ் 1,500 கட்டுங்க." சித்தப்பா ஒன்றும் பேசாமல் போனைச் சித்தியிடம் நீட்டிவிட்டார்.