பாடத்திட்டத்தைப் பின்னாலிருந்து பிரித்துக் கட்டுவது

பாடத்தை மாற்றியமைக்க உதவி கேட்டு வரும் ஆசிரியரிடம் நான் முதலில் கேட்பது போன பருவத்தின் இறுதித் தேர்வு வினாத்தாளைத்தான். ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே, அது எந்தக் கற்றல் நோக்கத்தை (பாடம் முடிந்ததும் மாணவரால் என்ன செய்ய முடிய வேண்டும் என்பதை) சோதிக்கிறது என்று அவரையே எழுதச் சொல்வேன். கோளாறு அங்கேயே தெரிந்துவிடும். நோக்கம் 'தரவைப் பகுத்தாய்வர்' என்றிருக்கும். கேள்வியோ 'வரையறுக்க', 'பட்டியலிடுக' என்று நிற்கும். மாணவர் தேர்வுக்குத்தான் படிப்பார்.

நோக்கங்களில் 'புரிந்துகொள்வர்', 'அறிவர்' போன்ற வினைச்சொற்களை அடித்துவிடுங்கள். புரிந்ததை எதை வைத்துப் பார்ப்பது? 'ஒரு வரைபடத்தைக் கொடுத்தால், அதிலிருந்து எடுக்கக்கூடாத முடிவு எது என்று காரணத்தோடு சொல்வர்' என்று எழுதினால் கேள்வியும் கூடவே பிறந்துவிடும். ஐந்தாறு நோக்கம் போதும்.

நோக்கங்களுக்கு அடுத்து மதிப்பீடு, அதாவது தேர்வும் கட்டுரையும். வாராந்தர அட்டவணை கடைசியில்தான். அட்டவணையில் தொடங்கினால் பழைய தலைப்புகளே திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும். எந்த நோக்கத்துக்கும் உதவாத தலைப்பை நீக்க ஆசிரியருக்கு மனம் வராது. ஆண்டுக்கணக்காக உழைத்துச் சேர்த்தது அல்லவா. வற்புறுத்தாமல் 'விருப்ப வாசிப்பு' என்று ஒதுக்கிவைக்கலாம்.

பெரிய கட்டுரை பருவ முடிவில் மட்டும் வந்தால், நாம் எழுதும் திருத்தக் குறிப்பு மாணவருக்குப் பயன்படாது. மூன்றாம் வாரத்தில் ஒரு பக்கச் சுருக்கம், ஏழாம் வாரத்தில் முதல் வரைவு எனப் பிரியுங்கள். திருத்தும் நேரத்தையும் அப்போதே கணக்கிடுங்கள்: 60 பேர், தலைக்கு 10 நிமிடம் என்றால் ஒவ்வொரு சுற்றுக்கும் 10 மணி நேரம். அதைப் பார்க்காமல் போட்ட திட்டம் பாதியிலேயே படுத்துவிடும்.