நாயோடு மலைப்பாதையில் நடப்பவர்களுக்கு

கலிபோர்னியாவின் சாண்டா குரூஸ், சாண்டா மோனிகா மலைகளில் நாயோடு நடக்கப் போகிறீர்களா? இழுக்க இழுக்க நீளும் கயிற்றை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். ஆறடி வார் போதும். முன்னால் ஓடிப் புதரை முகரும் நாய், மலைச்சிங்கம் எனப்படும் பூமாவிடம் தனியாக மாட்டிக்கொள்ளும். கூப்பிட்டால் வந்துவிடும் என்று தயவுசெய்து நம்ப வேண்டாம்.

பூமாவின் முக்கிய இரை மான். விடியலிலும் அந்தியிலும் அது வேட்டைக்கு இறங்கும் என்பதால், நடையை நல்ல வெளிச்சத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இலைதழை மூடிய மான் சடலம் கண்ணில் பட்டால் உடனே திரும்பிவிடுங்கள். தின்ற மிச்சத்தை மூடிவைத்துவிட்டு மறுபடி தேடி வருவது அதன் வழக்கம்.

நேருக்கு நேர் பார்த்துவிட்டால் ஓடவே கூடாது. ஓடுவதைத் துரத்துவது அதன் இயல்பு. நாயைக் காலோடு ஒட்டி இழுத்துப் பிடித்து, கண்ணை எடுக்காமல், கைகளை உயர்த்தி உரக்கக் கத்துங்கள். மெதுவாகப் பின்வாங்குங்கள். குழந்தை உடனிருந்தால் குனியாமல் தூக்கிக்கொள்ளுங்கள். பாய்ந்தே விட்டால் கல், தடி, கைப்பை என எது கிடைத்தாலும் எடுத்துத் திருப்பி அடியுங்கள்.