ஊட்டி, கூடலூர் கல்லூரி மாணவர்களுக்கு: இலவசப் பாடநூல் எடுத்துப் படிப்பது எப்படி?

செமஸ்டர் தொடங்கினால் சீனியரிடம் பழைய புத்தகம் கேட்டு அலைவோம். கிடைக்காவிட்டால் டெலிகிராமில் யாரோ போட்ட மங்கலான ஸ்கேன்தான். இரண்டும் வேண்டாம். ஆசிரியர்களே எழுதி, யாரும் இறக்கிக்கொள்ளலாம் என்று உரிமம் கொடுத்த புத்தகங்கள் இருக்கின்றன.

படி 1: கூகுளில் 'ஓப்பன்ஸ்டாக்ஸ்' என்று தேடுங்கள். இது அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகம் 2012-இல் தொடங்கிய இலவசப் பாடநூல் தளம். அங்குள்ள கம்யூனிட்டி காலேஜ் (இரண்டாண்டுக் கல்லூரி) மாணவர்கள் பலரும் இதன் புத்தகங்களைத்தான் படிக்கிறார்கள். நம் பி.எஸ்சி. முதலாண்டுக்கு அந்த அளவு சரியாக இருக்கும். காமர்ஸ்காரர்கள் மட்டும் கொஞ்சம் கவனம்: அதில் வருவது அமெரிக்க வரியும் சட்டமும்.

படி 2: புத்தகத்தின் பக்கத்தில் பிடிஎஃப் பட்டனை அழுத்துங்கள். கணக்குத் தொடங்கத் தேவையில்லை. படங்கள் நிறைந்த புத்தகம் 100 எம்பியைத் தாண்டலாம், அதனால் வைஃபை உள்ள இடத்தில் இறக்கிவிடுங்கள். ஜூலை மழையில் கூடலூர் பக்கம் கரண்டும் டவரும் சேர்ந்தே போகும். அப்போது போனில் இருக்கும் பிடிஎஃப்தான் கைகொடுக்கும்.

படி 3: பலர் இதைச் செய்யாமல்தான் பாதியில் விட்டுவிடுகிறார்கள். புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படிக்காதீர்கள். பாரதியார் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தைப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு யூனிட்டுக்கும் நேராக அத்தியாய எண்ணை எழுதுங்கள். ஓப்பன்ஸ்டாக்ஸின் அறிமுகப் புள்ளியியல் நூலில் நிகழ்தகவு 3-ஆம் அத்தியாயம், பைனாமியல் 4, கோரிலேஷன் 12. இன்டெக்ஸ் நம்பருக்கு அதில் அத்தியாயமே கிடையாது. உங்கள் தாளில் அது இருந்தால் வகுப்பு நோட்ஸை நம்புங்கள். இந்தப் பட்டியலை ஒருவர் போட்டு வாட்ஸ்அப் குரூப்பில் அனுப்பினால் வகுப்புக்கே போதும்.

படி 4: உரிமத்தைப் பாருங்கள். 'சிசி பை' (CC BY, கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற திறந்த உரிமம்) என்றால் பிரதி எடுக்கலாம், வெட்டி ஒட்டலாம், தமிழில் மொழிபெயர்க்கலாம். மூலத்தைக் குறிப்பிட வேண்டும், அவ்வளவுதான். அதோடு 'என்சி' (NC) சேர்ந்திருந்தால் வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. 'என்டி' (ND) என்றால் மாற்றிய வடிவத்தைப் பகிரக் கூடாது.

ஆசிரியர்களுக்கு: விடைக்குறிப்பும் ஸ்லைடும் வேண்டுமானால் ஓப்பன்ஸ்டாக்ஸில் ஆசிரியர் கணக்குக்கு விண்ணப்பியுங்கள். சரிபார்த்த பிறகே திறப்பார்கள், அதனால் செமஸ்டருக்கு முன்பே போட்டுவிடுவது நல்லது. பல நூல்களின் பக்கங்களைச் சேர்த்து உங்கள் பேப்பருக்கென்று ஒரு தனிப் புத்தகம் உருவாக்க ஆசையா? அதற்கு 'லிப்ரேடெக்ஸ்ட்ஸ்' தளம் இன்னும் வசதி.