மூத்த கூடைப்பந்துப் பயிற்சியாளருக்கு வேலையில் மனம் விட்டுப்போய்விட்டதா? கண்டறியும் முறை

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் இருபது, முப்பது ஆண்டுகள் ஒரே அணியை நடத்திவரும் பயிற்சியாளர் தொடர்ந்து சில ஆட்டங்களில் தோற்றுவிட்டால், அவருக்கு வேலையில் மனம் விட்டுப்போய்விட்டது என்ற பேச்சு உடனே எழுகிறது. அது ஒரு மனிதரின் வாழ்நாள் உழைப்பைப் பற்றிய தீர்ப்பு. ஆகவே அதைச் சொல்வதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும், எதைப் பார்க்கக் கூடாது என்று தெரிந்துகொள்ளும் கடமை ரசிகருக்கும் உண்டு, கல்லூரியின் விளையாட்டுத் துறை நிர்வாகிக்கும் உண்டு.

முதலில் வெற்றி தோல்விக் கணக்கை ஒதுக்கி வையுங்கள். லாஸ் ஏஞ்சலிஸிலுள்ள யூசிஎல்ஏ பல்கலைக்கழக அணியின் ஜான் வுடன், 1975இல் லூயிவில் அணியை அரையிறுதியில் வென்ற கையோடு, அடுத்த ஆட்டமே தம் கடைசி ஆட்டம் என்று வீரர்களிடம் அறிவித்தார். இறுதி ஆட்டத்திலும் வென்று, பத்தாவது தேசியச் சாம்பியன் பட்டத்தோடு விடைபெற்றார். வில்லனோவா பல்கலைக்கழக அணிக்கு 2016, 2018ஆம் ஆண்டுகளில் பட்டம் பெற்றுத் தந்த ஜே ரைட், 2022இல் அணியை ஃபைனல் ஃபோர் (தேசியப் போட்டியில் எஞ்சும் கடைசி நான்கு அணிகளின் சுற்று) வரை கொண்டுசென்ற சில வாரங்களிலேயே, 60ஆம் வயதில் விலகினார். முன்பு தானாக வந்துகொண்டிருந்த கூர்மை தம்மிடம் குறைந்துவருவதை அவர் மற்றவர்களுக்கு முன்பே உணர்ந்திருந்தார். இதற்கு நேர்மாறாக, வட கரோலினாவின் ராய் வில்லியம்ஸ் 2019–20 சீசனில் 14 வெற்றி, 19 தோல்வி என்ற தம் வாழ்வின் மிக மோசமான கணக்கைச் சந்தித்த பிறகும் அடுத்த ஆண்டு அணியை நடத்தினார். 2021 ஏப்ரலில் ஓய்வுபெற்றபோதும், அந்தப் பணிக்குத் தாம் ஏற்றவர் என்ற நம்பிக்கை போய்விட்டது என்றாரே தவிர, கற்றுக்கொடுப்பதில் இருந்த பிரியம் போய்விட்டது என்று சொல்லவில்லை. வென்றவர்களே விலகிச் சென்றார்கள், தோற்றவரிடம் பிரியம் குறையாமல் இருந்தது என்றால், ஆட்டக் கணக்கை வைத்து ஒருவரின் உள்ளத்தை அளக்க முடியாது என்பதே பொருள்.

கோட்டோரம் நின்று கத்துகிறாரா, சும்மா உட்கார்ந்திருக்கிறாரா என்பதும் அளவுகோல் ஆகாது. சுருட்டிய தாளொன்றைக் கையில் பிடித்தபடி இருக்கையிலேயே அமர்ந்திருந்தவர் வுடன்.

அடுத்தபடியாக உடலையும் மனத்தையும் பிரித்துப் பாருங்கள். டியூக் அணியின் மைக் ஷஷெவ்ஸ்கி 1994 அக்டோபரில் முதுகில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, போதிய ஓய்வு எடுக்காமல் வேலைக்குத் திரும்பினார். வலியும் களைப்பும் சேர்ந்து அழுத்த, 1995 ஜனவரியில் சீசனின் நடுவே விடுப்பில் சென்றார். அணி 13 வெற்றி, 18 தோல்வியோடு அந்த ஆண்டை முடித்தது. அவருடைய காலம் முடிந்தது என்று அன்று கணித்தவர்கள் 2001, 2010, 2015 என மேலும் மூன்று பட்டங்களை அவர் வென்றதையும், 2022 வரை அதே இருக்கையில் நீடித்ததையும் பிறகு பார்த்தார்கள். எனவே சோர்ந்த முகத்தைக் கண்டால், அவருக்கு வலி இருக்கிறதா, உறக்கம் கெட்டிருக்கிறதா, வீட்டில் நோயாளி இருக்கிறாரா என்று முதலில் விசாரியுங்கள். என்பிஏ தொழில்முறை அணியான சான் அன்டோனியோவின் கிரெக் போப்போவிச்சை 2024 நவம்பரில் பக்கவாதம் தாக்கியது. 2025 மே மாதம் அவர் பயிற்சியாளர் பொறுப்பிலிருந்து விலகினார். அவரைச் சலிப்படைந்தவர்களின் பட்டியலில் சேர்ப்பது அநீதி.

மூன்றாவது படிதான் இன்று மிக முக்கியமானது என்று கருதுகிறேன். பயிற்சியாளரின் வேலை என்பது ஒரே வேலை அன்று. பயிற்சிக் கூடத்தில் கற்றுக்கொடுப்பது, ஆட்டத்தை நடத்துவது, பள்ளி மாணவர்களைத் தேடிச் சென்று அணிக்குச் சேர்ப்பது, நன்கொடையாளர்களைச் சந்திப்பது, இருக்கும் வீரர்கள் வேறு கல்லூரிக்குப் போகாமல் பார்த்துக்கொள்வது என்று அது பல வேலைகளின் தொகுப்பு. இவற்றில் எது பிடிக்காமல் போனது என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். 2018இல், கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் தம் பெயரைப் பதிவுசெய்யும் டிரான்ஸ்பர் போர்ட்டல் வந்தது. 2021இல் முதன்முறை கல்லூரி மாறுபவர் ஓராண்டு ஆடாமல் காத்திருக்க வேண்டியதில்லை என்று விதி தளர்ந்தது. அதே ஆண்டு ஜூலையில் வீரர்கள் தம் பெயரையும் உருவத்தையும் பயன்படுத்திப் பணம் ஈட்டவும் அனுமதி கிடைத்தது. வீரர்களுக்கு இது நியாயமான உரிமை. அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஒரு மாணவனை நான்கு ஆண்டுகள் பொறுமையாக வளர்த்தெடுப்பதையே தம் தொழில் என்று எண்ணிவந்த மூத்தவர்களுக்கு, சீசன் முடிந்த பின் ஒவ்வோர் ஏப்ரலிலும் அணியைப் புதிதாகக் கட்டும் வேலை வேறொரு தொழிலாகவே தோன்றியது. வர்ஜீனியாவை 2019இல் பட்டம் வெல்லச் செய்த டோனி பென்னட், 2024 ஜூனில் ஒப்பந்தத்தை நீட்டித்துக்கொண்டவர், சீசன் தொடங்க மூன்று வாரம்கூட இல்லாத நிலையில், இந்தச் சூழலில் அணியை நடத்தத் தாம் பொருத்தமானவர் இல்லை என்று விலகினார். மயாமியை 2023இல் ஃபைனல் ஃபோருக்குக் கொண்டுசென்ற ஜிம் லாரனாகா, 2024 டிசம்பரில், 75ஆம் வயதில், களைத்துப்போய்விட்டதாகச் சொல்லி சீசனின் நடுவிலேயே பொறுப்பைத் துறந்தார். இப்படிப்பட்டவருக்கு ஆட்டத்தின் மேல் இருந்த பற்று போய்விட்டது என்று சொல்லாதீர்கள். வீரர்களைச் சேர்ப்பதையும் பண விவகாரத்தையும் கவனிக்கத் தனி மேலாளரை அமர்த்தினால் அவர் இன்னும் சில ஆண்டுகள் மகிழ்ச்சியாகப் பணியாற்றக்கூடும். அமர்த்திய பிறகும் பயிற்சிக் கூடத்துக்கு வர மனமில்லை என்றால்தான் கேள்வி கடுமையாகிறது.

வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் கிடைக்கும் சான்றுகள் குறைவு, ஆனால் அவை ஆட்டத்துக்குள்ளேயே இருக்கின்றன. சீசன் தொடங்கும் நவம்பரில் ஆடிய ஓர் ஆட்டத்தையும் பிப்ரவரியில் ஆடிய ஓர் ஆட்டத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். கூடையில் விழாமல் தெறித்துவரும் பந்தைப் பிடிக்க (ரீபவுண்ட்) எதிராளியை முதுகால் மறித்து நிற்பது, பந்து பறிபோனவுடன் ஐவரும் திரும்பி ஓடுவது, தடுப்பாட்டத்தில் ஒருவருக்கொருவர் குரல் கொடுப்பது ஆகிய மூன்றும் திறமையைவிட அன்றாடப் பயிற்சியால் வருபவை. நவம்பரில் இருந்த பிழை பிப்ரவரியிலும் அப்படியே இருந்தால், அதைத் திருத்த யாரும் மெனக்கெடவில்லை என்று ஐயுறலாம். டைம் அவுட் முடிந்து வரும் முதல் தாக்குதலைத் தனியாகக் கவனியுங்கள். அங்கே எதிரணிக்கென்று யோசித்த புதிய நகர்வு ஏதேனும் இருக்கிறதா, பல வருடப் பழைய நகர்வே வருகிறதா என்று பாருங்கள். பெஞ்சில் எட்டாவது, ஒன்பதாவது ஆளாக இருந்த இளைஞர் ஓராண்டில் முன்னேறியிருக்கிறாரா என்பது எல்லாவற்றையும்விட நம்பத்தக்க சான்று. ஏனென்றால் அவருக்காகச் செலவிடும் நேரத்தை யாரும் பாராட்டப்போவதில்லை, அதைப் பிரியம் உள்ளவர் மட்டுமே செலவிடுவார். துணைப் பயிற்சியாளர் இடம் காலியானபோது தம்மோடு வாதிடக்கூடிய இளையவரை அமர்த்தினாரா, பழைய நண்பரை அமர்த்தினாரா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரே முறையைப் பிடித்துக்கொண்டிருப்பதை மட்டும் குறையாகக் கொள்ளாதீர்கள். சிரக்யூஸில் 47 சீசன்கள் பணியாற்றிய ஜிம் போஹைம் தம் 2–3 ஜோன் தடுப்பாட்டத்தை (முன்னால் இருவரும் பின்னால் மூவருமாக நின்று, ஆளுக்கோர் இடத்தைக் காப்பது) விடாமல் கையாண்டார். அது அவருடைய நம்பிக்கை.

எப்போது கேட்பது என்பதிலும் கவனம் வேண்டும். மார்ச் இறுதியில், தோல்வியின் காயம் ஆறாதபோது கேட்டால் எந்தப் பயிற்சியாளரும் போதும் என்றே சொல்வார். வட கரோலினாவை 36 சீசன்கள் நடத்திய டீன் ஸ்மித் இதை அறிந்திருந்தார். சீசன் முடிந்ததும் முடிவெடுக்காமல், பயிற்சி தொடங்கும் அக்டோபர் வரை காத்திருந்து தம்மைச் சோதித்துக்கொள்வது அவர் வழக்கம். ஒவ்வோர் ஆண்டும் திரும்பிவந்த உற்சாகம் 1997 அக்டோபரில் வரவில்லை என்று கண்டதும், 879 வெற்றிகளோடு ஓய்வை அறிவித்தார். நிர்வாகியாக இருப்பவர் ஜூலையில் ஒருமுறையும் செப்டம்பர் இறுதியில் ஒருமுறையும், ஒப்பந்தப் பேச்சோடு கலக்காமல், தனியே அமர்ந்து கேட்பது நல்லது. இந்த ஆண்டு எந்த வீரருக்கு எதைக் கற்றுக்கொடுக்கப் போகிறீர்கள் என்ற ஒரு கேள்வி போதும். மனம் இருப்பவர் பெயர் சொல்லி, பிழையைச் சொல்லி, அரைமணி நேரம் பேசுவார். மனம் விட்டுப்போனவர் அணியைப் பற்றிப் பொதுவாக நான்கு வாக்கியம் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வார்.

அக்டோபரில் ஒருவர் விலகினால் புதிய ஆளைத் தேட நேரம் இருக்காது என்பதையும் நிர்வாகி நினைவில் வைக்க வேண்டும். ஸ்மித் விலகியபோது, அவரோடு 30 ஆண்டுகள் துணையாக இருந்த பில் கத்ரிஜ் பொறுப்பேற்றார். அந்த அணி 1998இல் ஃபைனல் ஃபோரை எட்டியது. ஆகவே ஜூலைச் சந்திப்பிலேயே, தமக்குப் பதிலாக நாளைக்கே அணியை நடத்தக்கூடியவர் யார் என்பதையும் மூத்தவரிடம் கேட்டு, எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.